ஞானம்பிகை அக்கா போட்டா

ஞானம்பிகை அக்கா இறந்த செய்தி பலேர்மோவில் முதன்முதல் குகனேஸ்வரியின் வீட்டுக்குத்தான் வந்தது. பாஸ்க்குவா என்ற உயிர்ப்புப் பெருநாளுக்கு முந்திய சனிக்கிழமை அது. சீசா என்ற பகுதியில், லிஃப்ட் என்ற பெயரில் ஒரு கம்பிக் கூண்டு மட்டும் உள்ள கட்டடத்தின் மூன்றாம் மாடியில், அவள் பருப்பை அவியப் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தொலைபேசி மணியடித்தது. மரியேல் பேசினாள்.

மரியேல் மொரீசியஸ்காரி. பூட்டன் காலத்தில் கரும்பு வெட்டக் கப்பலேறிய தமிழரின் வழி வந்தவள். திருநீறு பூசத் தெரியும், காவடி தெரியும், தமிழ் மட்டும் தெரியாது. பலேர்மோவுக்கு வீட்டு வேலைக்கு வந்து, ஞானம்பிகை அக்கா ஒரு வயதான சினியோராவின் வீட்டில் வேலை செய்த அதே கட்டடத்தில் அகப்பட்ட பிறகுதான் அவளுக்குத் தமிழ் வந்தது. அதுவும் அப்பழுக்கில்லாத யாழ்ப்பாணத் தமிழ். புதிதாகச் சைக்கிள் பழகிய பிள்ளை பக்கத்து வீட்டுக்கும் சைக்கிளிலேயே போவதுபோல, மரியேல் எதையும் தமிழில்தான் சொல்வாள்.

"குகனேஸ் அக்கா, ஞானம் அக்கா போட்டா."

கடைக்குப் போனாலும் யாழ்ப்பாணத்தில் 'போட்டா'தான். கனடாவுக்குப் போனாலும் 'போட்டா'தான். ஒரேயடியாகப் போனாலும் அதே சொல்தான். எந்தப் போக்கு என்பதைச் சொல்கிறவரின் குரலை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். மரியேலின் குரல் அழுது கரகரத்திருந்தது.

"என்னடி சொல்லுறாய்? மோசம் போட்டாவோ?"

"ஓம். மோசம். சரியான மோசம். காத்து."

"எப்ப?"

"இண்டைக்குக் காலமை. நான் பக்கத்திலை நிண்டனான். என்ரை கையைப் பிடிச்சவ."

"சினியோரா எங்கை? அந்தக் கிழவி ஒண்டும் செய்யேல்லையோ?"

"சினியோராவும் போட்டா. ரெண்டு பேரும் ஒண்டாய்."

"ஐயோ, ரெண்டு பேருமோ!"

"ஓம். மகள் வந்து ஜெனோவாவுக்குக் கொண்டுபோட்டா. பெட்டி சரியான பாரம். நானும் பிடிச்சனான்."

குகனேஸ்வரி சுவரில் சாய்ந்தபடி மெல்லக் கேட்டாள்: "கடைசியாய் ஏதும் சொன்னவவோ?"

"உங்களைத்தான் சொன்னவ. 'குகனேசுவைச் சங்கத்தைப் பார்க்கச் சொல்லு' எண்டவ. பேந்து அழுதவ. பேந்து ஒண்டும் கதைக்கேல்லை."

அதற்கு மேல் மரியேலுக்கு நேரமில்லை. அவளுடைய முதலாளி குடும்பம் பெருநாளுக்கு மலைநாட்டு வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. காரின் ஹோர்ன் சத்தம் தொலைபேசிக்குள்ளும் கேட்டது. பருப்பு அடிப்பிடித்தது. அந்தக் கருகிய மணம் பல நாள்களுக்கு அந்த வீட்டை விட்டுப் போகவில்லை என்று குகனேஸ்வரியின் கணவன் சோதிலிங்கம் பின்னாளில் சொல்வதுண்டு. அவன் ஒரு ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவுகிறவன். மணங்களைப் பற்றி அவன் சொன்னால் நம்பலாம். மற்ற விஷயங்களில் அப்படியில்லை.

"காத்து எண்டவளோ?" என்று அவன் தாடையைத் தடவினான். "இஞ்சேர், அது காஸ். ரெண்டு பேர் ஒண்டாய்ப் போறதெண்டால் வேறை வழியில்லை. அடுப்புக் காஸ்."

பின்னேரத்துக்குள் அந்தக் காஸ் பல்லாரோச் சந்தையை எட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை யன்னல் பறந்தது. திங்கட்கிழமை மெஸீனாவில் இருந்த தமிழர்கள், பால்கனி அப்படியே கழன்று ஒரு பழ வண்டியின் மேல் உட்கார்ந்ததாகவும் பழக்காரனுக்கு ஒரு கீறலும் இல்லையென்றும் பேசிக்கொண்டார்கள். குகனேஸ்வரியின் சிநேகிதி அகஸ்ரீனா அக்காவின் கட்டடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். யன்னல்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன, பூட்டியபடி. விசாரிக்கலாம் என்றால் வாசல்காவலனும் பெருநாளுக்கு ஊருக்குப் போய்விட்டான். "இவ்வளவு கெதியாய்த் திருத்திப்போட்டாங்கள்" என்று அவள் வியந்தாளே தவிர, வேறு எதையும் சந்தேகிக்கவில்லை.

எல்லோரும் அழுதார்கள். குகனேஸ்வரி மட்டும் அழ முடியாமல் இருந்தாள். அக்கா செத்தது காஸால் அல்ல, தன் வாயால் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

உமையம்மை மகளிர் கல்லூரிப் பழைய மாணவிகள் சங்கத்தின் பலேர்மோக் கிளையை ஞானம்பிகை அக்கா தொடங்கியபோது, அந்த நகரத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவி அவர் ஒருவர்தான். அது அவருக்கு ஒரு குறையாகப் படவில்லை. தானே தலைவியாகி, தானே முன்மொழிந்து, வழிமொழிய ஆள் இல்லாததால் சினியோராவின் பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார் என்று அகஸ்ரீனா சொல்வாள். பிறகு குகனேஸ்வரி வந்தாள், அகஸ்ரீனா வந்தாள், இருவரும் அசல் உமையம்மைகள். மற்றவர்களை அக்கா 'கௌரவப் பழைய மாணவி' ஆக்கினார். வேறு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், பள்ளிக்கூடமே போகாதவர்கள், இலங்கையைக் கண்ணாலும் கண்டிராத மரியேல், எல்லோரும் கௌரவப் பழைய மாணவிகள். அவர்களுடைய கணவன்மாருக்குக் கதிரை தூக்கும் பதவி.

வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வாரத்தில் கிடைப்பது வியாழக்கிழமை அரைநாளும் ஞாயிறும். அந்த வியாழன் அரைநாளை அக்கா எடுத்துக்கொண்டார். அல்பெர்கேரியாவில் ஒரு தேவாலயத்தின் பின்பக்க மண்டபம். பல்லாரோவில் வாங்கிய ஒரு ஆட்டு மணி. அது அடித்தால் எழுந்து நிற்க வேண்டும். கீதம் பாட வேண்டும், இரண்டு சரணமும். வரவு கூப்பிட்டால் "உள்ளேன்" என்று சொல்ல வேண்டும். நேரம் பிந்தி வந்தால் காரணம் சொல்ல வேண்டும். படிக்கட்டுத் தேய்த்து முழங்கால் வீங்கியவர்களும் அப்படியே நின்றார்கள், ஏனென்றால் அவர்கள் எல்லோருக்கும் பலேர்மோவில் முதல் வேலை அக்காவால்தான் கிடைத்தது.

அந்தக் கடைசி வியாழன் குகனேஸ்வரி பிந்தி வந்தாள். அவள் வேலை செய்த வீட்டில் விருந்து. அத்தனை கண்ணாடிக் குவளைகளையும் துடைத்து அடுக்கிவிட்டுத்தான் விட்டார்கள். வந்து மூச்சு வாங்கியபடியே கீதத்தில் சேர்ந்தாள். இரண்டாம் சரணத்தில் "கல்வியில் ஊறிக் கடமையில் ஏறி" என்று ஒரு அடி. குகனேஸ்வரிக்கு அது பள்ளிக்கூட நாளிலிருந்தே மாறித்தான் வரும். அன்றும் "கடமையில் ஊறிக் கல்வியில் ஏறி" என்று உரத்துப் பாடிவிட்டாள்.

அக்கா மணியைத் தட்டினார். "குகனேசு, திரும்பப் பாடு. கல்விதான் முன்னுக்கு."

"பேந்து பாடுறன் அக்கா."

"இப்ப பாடு. செயலாளரே பிழையாய்ப் பாடினால் மற்றவை என்ன செய்வினம்?"

குகனேஸ்வரியின் வாயிலிருந்து அது தானாக வந்தது. "அக்கா, பள்ளிக்கூடம் விட்டு எவ்வளவு காலம்! எல்லாரும் வீட்டை போட்டினம். நீங்கள்தான் இன்னும் வீட்டை போகேல்லை."

சனம் சிரித்தது. பெரிய சிரிப்பில்லை, களைத்த பெண்களின் சின்னச் சிரிப்பு. ஆனால் எல்லோரும் சிரித்தார்கள். அக்காவுக்குக் கலியாணம் இல்லை. ஊரில் இருந்த வீடு தொண்ணூற்றைந்தாம் ஆண்டுப் போர் இடப்பெயர்வோடு கூரையில்லாமல் போய், பிறகு சுவரும் இல்லாமல் போனது. அது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்துதான் சிரித்தார்கள்.

அக்கா மணியை மேசையில் வைத்தார். நாக்கு அடிபடாமல் படுக்கவைத்தார். கைப்பையை எடுத்தார்.

"அப்ப நான் போறன்."

'போட்டு வாறன்' என்றுதான் சொல்ல வேண்டும். சாவீட்டிலிருந்து புறப்படுகிறவர்தான் ஒன்றும் சொல்லாமல் போவார். மற்ற எந்த வாசலிலும் 'வாறன்' என்ற சொல் இல்லாமல் தமிழ்ச் சனம் செருப்புப் போடாது. யாராவது "அப்பிடிச் சொல்லாதேங்கோ அக்கா" என்று மறித்திருக்கலாம். குகனேஸ்வரி மறித்திருக்கலாம். அவள் சேலைத் தலைப்பால் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை மரியேலின் தொலைபேசி.

நினைவுக் கூட்டம் பெருநாளுக்குப் பிந்திய ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. தலைமை குகனேஸ்வரி. "அக்கா கடைசி மூச்சிலையும் உம்மடை பேரைத்தானே சொன்னவ" என்றார்கள். லண்டன் கிளைக்குச் செய்தி போனது, ரொறன்ரோக் கிளைக்குப் போனது, கொழும்புக் கிளை ஊடாகப் பள்ளிக்கூடத்துக்கும் போனது. பள்ளிக்கூடத்தில் அரைநாள் விடுமுறை விட்டார்களாம்.

பேச்சுக்காக அவள் ஆட்களைக் கேட்கத் தொடங்கினாள். அக்கா உங்களுக்கு என்ன செய்தவ? ஒவ்வொருவரும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்கள். குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் ஒரு அதிகாரி பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைத் தராமல் இழுத்தடித்தபோது, அக்கா அவன் மேசைக்கு முன்னால் போய் நின்று, மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்பதுபோல "உம்முடைய அம்மாவுக்கு இது தெரியுமோ?" என்று கேட்டாராம், அவன் முத்திரை குத்தியதோடு கோப்பியும் வாங்கிக் கொடுத்தானாம். நேப்பிள்ஸ் கப்பல் புறப்படும் நேரம், ஒரு கர்ப்பிணிப் பெண் இன்னும் வந்து சேரவில்லையென்று அக்கா குடையை நீட்டிக்கொண்டு பலகைப் பாலத்தில் நின்றாராம், கப்பல் நின்றதாம், கப்பித்தான் இறங்கி வந்து குடையைப் பிடித்துக் கொடுத்தாராம். பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரியில் ஒரே இரவில் மூன்று தமிழ்ப் பிள்ளைகளுக்கு மொழிபெயர்த்தாராம். மூன்றாவது பிள்ளை பிறந்தவுடன் "உள்ளேன்" என்று அழுததாம்.

குகனேஸ்வரிக்குச் சொல்ல ஒரு கதை இருந்தது. அதில் குடையும் இல்லை, கப்பித்தானும் இல்லை. அவள் பலேர்மோவுக்கு வந்த காலம், யாரோ எழுதிக் கொடுத்த விலாசத்தோடு ஒரு பெரிய வீட்டின் மணியை அழுத்தினாள். கதவைத் திறந்தவர் வேலைக்கார மேலங்கி போட்ட ஒரு தமிழ்ப் பெண். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். சொன்னாள். அந்தப் பெண் அவளைக் குசினிக்குள் கூட்டிப்போய்த் தன் சாப்பாட்டைப் பாதியாகப் பிரித்துவிட்டு, "அழாதை. பள்ளிக்கூடம் இஞ்சை இருக்கு" என்று தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். பேச்சில் இதைச் சொல்வதென்றால் மற்றதையும் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்தைத்தானே அவள் எல்லோர் முன்னாலும் பகிடி பண்ணினாள்.

அவளை இன்னும் அரித்தது வேறொன்று. மரியேலின் தொலைபேசியை வைத்த அந்தக் கணத்தில், துக்கம் வந்து சேருவதற்குள், சின்னதாக ஒரு ஆறுதல் வந்துபோனது: இனி முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. செத்தவரிடம் மன்னிப்புக் கேட்பது சுகம். படத்துக்கு முன்னால் கைகூப்பினால் போதும். படம் ஏன் என்று கேட்காது. அந்த ஆறுதல் வந்ததற்காகவே அவள் நகரைக் காக்கும் புனித ரொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறுவதாக நேர்ந்துகொண்டாள். ஏறியும் விட்டாள். காலில் கொப்புளம் வந்தது. மனது இறங்கவில்லை.

கூட்டத்துக்கு எல்லாம் ஆயத்தம். படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டாயிற்று, மாலை கட்டச் சொல்லியாயிற்று. மண்டபத் திறப்பை மட்டும் காணவில்லை, இருந்ததே இரண்டு சாவிதான். பாதிரியாரிடம் இருந்த ஒன்றை அவர் எப்போதோ தொலைத்துவிட்டார். மற்றது அக்காவிடம் இருந்தது. குகனேஸ்வரி அதைத் தேடாத இடம் இல்லை.

வியாழக்கிழமை தொலைபேசி அடித்தது.

"குகனேசு, மண்டபத் திறப்பு என்ரை கைப்பையுக்குள்ளை வந்திட்டுது. தபாலிலை அனுப்பட்டோ?"

குகனேஸ்வரி கத்தவில்லை. கத்துவதற்குக் குரல் வேண்டும். தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இதைத்தான் கேட்டாள்: "அக்கா, அங்கை... அங்கையும் ரெலிபோன் இருக்கோ?"

"ஜெனோவா என்ன காடோ? ஏன்டி குரல் இப்பிடி? தடிமனோ?"

"நீங்கள்... கப்பலிலையோ போனனீங்கள்?"

"வேறை என்னத்திலை? நடந்தோ? சினியோராவை மகள் தன்னோடை வைச்சிருக்கப் போறன் எண்டு ஒரு வருசமாய்க் கேட்டது. நான்தான் சங்கம் இருக்கு, வரேலாது எண்டு மறிச்சுக்கொண்டிருந்தனான். இப்ப ஏன் மறிக்க வேணும்? வந்திட்டம். அண்டைக்கு என்ன காத்து! கடல் சரியான மோசம். சினியோரா வழியெல்லாம் சத்தி."

குகனேஸ்வரியின் தலைக்குள் மரியேலின் சொற்கள் ஒவ்வொன்றாக எழுந்து, ஒவ்வொன்றாகத் திரும்பி உட்கார்ந்தன. காத்து. மோசம். கொண்டுபோட்டா. பெட்டி, சரியான பாரம். உடுப்புப் பெட்டி! அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு அழுகையானது. அக்கா சாகவில்லை. ஆனால் அக்கா போனது போனதுதான். காஸ் போய்விட்டது, தன் வாய் அப்படியே இருந்தது.

"எடியே, திறப்பை என்ன செய்ய? அவசரமோ?"

"ஓம் அக்கா. ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம்."

"வியாழன்தானே கூட்டம். ஞாயிற்றுக்கிழமை என்ன கூட்டம்?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஒரு பொய்க்கு அந்த நிமிஷம் நிறைய இடம் இருந்தது. "நினைவுக் கூட்டம் அக்கா" என்றாள்.

"ஆர் செத்தது?"

குகனேஸ்வரி நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தாள். உயிரோடிருப்பவருக்கு மாலை கட்டச் சொல்வது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று அவளுக்குத் தெரியும்.

"ஆர் தலைமை?" என்றது ஜெனோவா.

"நான் அக்கா."

"நீயோ? கீதத்திலை ரெண்டாம் சரணம் உனக்கு வராதே. லண்டன் கிளைக்கு அறிவிச்சாச்சோ?"

"ஓம். பள்ளிக்கூடத்திலை அரைநாள் விடுமுறையும் விட்டவை."

"அடி பாவி! நான் படிச்ச காலத்திலை ஒரு நாளும் விடேல்லை. பிள்ளையளின்ரை பாடம் பிழைச்சிருக்கும்." பிறகு, யோசித்து: "சரி. மகளிட்டை லீவு கேட்டுக்கொண்டு வாறன். நானில்லாமல் நீங்கள் ஒரு கூட்டம் ஒழுங்காய் நடத்தினதில்லை."

ஞாயிற்றுக்கிழமை காலை துறைமுகத்தில் குகனேஸ்வரி நின்றாள். அகஸ்ரீனாவுக்கு மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தாள். அகஸ்ரீனா சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து, "வேறை ஒருத்தருக்கும் சொல்லாதையும், வந்து பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். கப்பலிலிருந்து அக்கா இறங்கினார். ஒரு சின்னப் பெட்டி, அந்தக் குடை. குகனேஸ்வரி வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த மன்னிப்பு வாயருகே வந்தது.

"காலிலை என்னடி?"

"மலை ஏறினனான், நேர்த்திக்கு."

"எனக்காகவோ? செத்ததுக்கோ, உயிரோடை இருக்கிறதுக்கோ?"

அக்கா பெட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார். மன்னிப்பு மறுபடி கீழே இறங்கிவிட்டது.

மண்டப வாசலில் கதானியாவிலிருந்தும் மெஸீனாவிலிருந்தும் வந்தவர்கள் கூடியிருந்தார்கள். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் தானே திறப்பைப் போட்டுத் திறந்தார். ஒருத்தி "சிவசிவா" என்று அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சோதிலிங்கம் தூக்கிய கதிரையைக் கீழே வைக்க மறந்து நின்றான். கூட்டம் முடியும்வரை அப்படியே நின்றான் என்று சொல்கிறார்கள், அவ்வளவு நேரம் என்பது கொஞ்சம் கூடத்தான். முதல் நாள்தான் திரும்பியிருந்த மரியேல் மட்டும், ஒன்றும் விளங்காமல், "ஞானம் அக்கா, வந்திட்டியளோ!" என்று ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

மாலை போட்டு உள்ளே கொண்டுவந்து வைத்த தன் படத்தை அக்கா உற்றுப் பார்த்தார். "இந்தப் படத்தைப் பார்த்தால் நானே நம்பியிருப்பன்." மாலையைக் கழற்றிக் குத்துவிளக்குக்குப் போட்டார். ஆட்டு மணியை அடித்தார். அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

கீதம் தொடங்கியது. இரண்டாம் சரணத்தில் குகனேஸ்வரி எவ்வளவு கவனமாக இருந்தும், பயத்திலேயே, "கடமையில் ஊறிக் கல்வியில் ஏறி" என்று பாடிவிட்டாள். மண்டபம் முழுக்கக் கேட்டது. அவள் மணிச் சத்தத்துக்குக் காத்திருந்தாள்.

மணி அடிக்கவில்லை. அக்கா நேரே பார்த்துக்கொண்டு மிச்சத்தைப் பாடினார்.

அந்த ஒரு மௌனம் அவளை அடித்ததுபோல வேறெதுவும் அடித்ததில்லை.

பிறகு ஒவ்வொருவராக எழுந்து தங்கள் கதைகளைச் சொன்னார்கள், அக்கா முன்னாலேயே. அக்கா ஒவ்வொன்றையும் வெட்டிச் சிறிதாக்கினார். அதிகாரி கோப்பி வாங்கித் தரவில்லை, அவனுடைய கோப்பியைத்தான் அவர் தவறுதலாகக் குடித்துவிட்டார். நேப்பிள்ஸ் கப்பல் எப்படியும் பிந்தித்தான் இருந்தது. "குடையைப் பிடிச்சது மழைக்கு" என்றார். ஜனங்கள் சிரித்தார்கள். கதையைக் குறைக்கக் குறைக்க, ஏனோ அக்கா பெரிதாகிக்கொண்டே போனார்.

"இனிச் செயலாளர் பேசுவா."

குகனேஸ்வரி எழுந்தாள். செத்தவருக்காகத் தயாரித்த பேச்சு ஒரு சொல்லும் நினைவில்லை. "அக்கா," என்றாள், "அண்டைக்கு வியாழக்கிழமை நான் சொன்னது..." பிறகு மற்றவர்களைப் பார்த்தாள், அவர்கள் தரையைப் பார்த்தார்கள். "நான் சொன்னதாலைதான் நீங்கள் போனனீங்கள். காஸாலை இல்லை, கப்பலாலை இல்லை. நீங்கள் செத்திட்டியள் எண்டு கேட்டவுடனை, இனி உங்களிட்டை மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை எண்டு எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதையும் மன்னியுங்கோ."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அக்கா மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீ பொய் சொல்லேல்லையே," என்றார். "நான் வீட்டை போகேல்லைத்தான். போறதுக்கு எங்கை வீடு? வியாழக்கிழமையிலை இந்தக் கதவைத் திறக்கேக்கை வீட்டை வந்த மாதிரி இருக்கும். அதுதான் உங்கள் எல்லாரையும் கொஞ்சம் அதிகமாய் நிற்பாட்டி வைச்சனான் போலை. கால் நோகுமெண்டு நினைக்கேல்லை."

யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சிரித்தவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. மன்னித்தேன் என்று அவர் சொல்லவும் இல்லை. அப்படி ஒரு சொல் வந்திருந்தால் குகனேஸ்வரி அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் நின்றபடியே நின்றாள்.

மாலையில் மறுபடி துறைமுகம். காற்று இல்லை, எண்ணெய் தடவியதுபோலக் கடல். மரியேல் பெட்டியைப் பிடித்து வந்தாள். அக்கா மண்டபத் திறப்பைக் கைப்பையிலிருந்து எடுத்துக் குகனேஸ்வரியின் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

"அக்கா, போகாதேங்கோ. சினியோராவுக்கு வேறை ஆளைப் பார்ப்பம்."

"ஆரை? இருட்டினால் அவ என்ரை கையைத்தான் தேடுவா. வாக்குக் குடுத்திட்டன்."

"அப்ப போட்டு வாறன் எண்டாவது சொல்லுங்கோ."

அக்கா யோசித்தார். "சொன்னால் வரவேணுமடி. எப்ப எண்டு தெரியாமல் எப்பிடிச் சொல்லுறது?" குடையால் அவள் தோளை மெல்லத் தட்டினார். "இந்தமுறை போறன் எண்டும் சொல்லேல்லைத்தானே. பார்த்துக்கொள்."

ஏறிவிட்டார். பாலம் தூக்கப்பட்டது. மேல்தட்டில், கம்பியருகில், அக்காவின் சாம்பல் நிறச் சேலை தெரிந்தது. கப்பல் ஊதியது. ஊதல் நிற்கவும் அங்கிருந்து, வகுப்பறையின் கடைசி வாங்கு வரை எட்டும் அந்தக் குரல் வந்தது:

"கல்விதானடி முன்னுக்கு!"

துறைமுகத் தொழிலாளிகள் இருவர் நிமிர்ந்து பார்த்தார்கள். குகனேஸ்வரி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள், முகமெல்லாம் நனைந்திருந்தது.

"ஞானம் அக்கா என்ன சொன்னவ?" என்று மரியேல் கேட்டாள். "நான் சோதி அண்ணைக்குப் போய்ச் சொல்லட்டோ?"

"நீ ஒண்டும் சொல்லாதை, மரியேல். உன்ரை தமிழாலை அக்கா ஒருக்காச் செத்தது காணும்."

மரியேலைப் பஸ் ஏற்றிவிட்டு, குகனேஸ்வரி தான் பஸ்ஸுக்கு நிற்காமல், கொப்புளக் காலோடு சீசா வரைக்கும் நடந்தே போனாள். வழியெல்லாம் வாய்க்குள் பாடிப் பார்த்தாள். கல்வியில் ஊறிக் கடமையில் ஏறி. கல்வியில் ஊறிக் கடமையில் ஏறி. ஒரு தரமும் பிழைக்கவில்லை. கம்பிக் கூண்டில் மேலே போய், வீட்டுத் திறப்பென்று மண்டபத் திறப்பைக் கதவில் போட்டுத் திருகிக்கொண்டிருக்கும்போது, அது தன்பாட்டில் மாறிப்போயிற்று. கடமையில் ஊறிக் கல்வியில் ஏறி.

திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது திருத்துவார்களோ என்று, அவள் கொஞ்ச நேரம் கதவடியில் நின்றாள்.